தம்பிக்கு எடுத்த டிக்கெட்

அந்த ஸ்டேஷனில் அவள் எல்லோருக்கும் அக்கா. மூட்டை தூக்குபவர்களுக்கு அக்கா, டீக்கடைக்காரருக்கு அக்கா, ஓய்வு பெறும் வயதில் இருந்த பார்சல் ஆபீஸ் கிளார்க்குக்கும், அவர் தன் வயதைக் கொஞ்சமும் யோசிக்காமல், அக்கா. சில்லறை இல்லாமல் விழிக்கும் பயணிகளும் "கொஞ்சம் பாத்துக் குடுங்கக்கா" என்பார்கள். டிக்கெட் கவுண்டரின் மூன்றாவது ஜன்னலில் உட்கார்ந்தே தலை நரைத்தவள். தனக்கென்று ஒரு பெயர் இருப்பது மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பார்க்கும்போதுதான் அவளுக்கே ஞாபகம் வரும்.

அதனால்தான், சொந்தத் தம்பி ஒருநாள் அந்த ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்று "அக்கா" என்று கூப்பிட்டபோது, சுற்றியிருந்த யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

காலை நெரிசல் ஓய்ந்திருந்த நேரம். அவள் நிமிராமலே "எங்க?" என்று கேட்டாள். பதில் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். தாடி வளர்ந்திருந்தது. சட்டையில் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தான், சின்ன வயதில் அவள் போட்டுவிட்ட மாதிரியே. தோளில் ஒரு பை.

அவள் மைக்கை அணைத்துவிட்டு, கண்ணாடியின் வட்ட ஓட்டைக்கு வாயைக் கொண்டுபோனாள். "எங்கடா இருந்த இவ்வளவு நாளா?"

"இங்கதான். ரெண்டாவது பிளாட்பாரத்துல."

"எங்க போகணும்?"

"எங்கயும் போகல. வரிசையில நின்னா உன்னப் பாக்கலாம்னு நின்னேன்."

பின்னால் நின்றவர், "சார், வண்டி போயிடும், கொஞ்சம் சீக்கிரம்" என்றார். "நீங்க வாங்க சார்" என்று தம்பி மரியாதையாக ஒதுங்கி இடம் விட்டான். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்துபோனான். அந்த மனிதருக்கு அவள் அடித்துக் கொடுத்தது வேறு ஏதோ ஊருக்கான டிக்கெட். அவர் சத்தம் போட்டபிறகுதான் தெரிந்தது.

இருவருக்கும் ஏழு வயது வித்தியாசம். அப்பா வீட்டில் இருந்த காலத்திலும் இல்லாத மாதிரிதான். பிறகு நிஜமாகவே இல்லாமல் போனார். அம்மா ஒரு பெரிய ஓட்டலின் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்பு துவைக்கப் போனாள். தம்பியைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்து வளர்த்தது அக்காதான். "இவனை இடுப்புலேர்ந்து இறக்கவே மாட்டியா? கால் எதுக்கு இருக்குன்னே அவனுக்குத் தெரியாமப் போயிடும்" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேலி செய்வார்கள்.

அவன் வளர்ந்து ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஆனான். நல்ல வேலைக்காரன் என்று பெயர். அதிகம் பேசமாட்டான். கல்யாணப் பேச்சு ஒன்று வந்து தட்டிப்போனது. அதற்காக அவன் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. அக்கா கல்யாணமாகிப் போனபின் அம்மாவும் அவனுமாக ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். அம்மா படுத்த படுக்கையானபோது அவன்தான் பார்த்துக்கொண்டான். அம்மா இறந்ததும் அவனுக்குள் என்னவோ கழன்று விழுந்துவிட்டது. போன் எடுப்பதை நிறுத்தினான். ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜைப் பிரித்துப் பாகங்களைத் தரையில் பரப்பிவிட்டு, இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் திரும்பவே இல்லை. அந்த வீட்டுக்காரர்கள் அக்காவைத் தேடிப்பிடித்துத் திட்டினார்கள். அவள் போய் அவனைக் கையோடு தன் வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

மூன்றாவது மாடியில் இரண்டே அறைகள். அவள் கணவர் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். சாந்தமான மனிதர். கோபம் வந்தால் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் போடுகிற சத்தமே அவ்வளவுதான். மகள் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். தம்பி கூடத்தில் படுத்துக்கொண்டான். முதல் சில வாரங்கள் அவன் இருந்த இடம் தெரியவில்லை. ஒழுகிய குழாயைச் சரிசெய்தான். ஆடிய மின்விசிறியை இறக்கி மாட்டினான். "மச்சான் வந்ததுல வீடே புதுசாயிடுச்சு" என்று கணவர் வெளியில் சொல்லிப் பெருமைப்பட்டார்.

பிறகு கதவுகள் அவனுக்கு ஆகாமல் போயின. மூடிய கதவைத் திறந்து வைப்பான். இவர்கள் மூடுவார்கள். அவன் திறப்பான். "காத்து நின்னுடுது அக்கா" என்பான். ஒருநாள் எல்லோரும் வெளியே போயிருந்தபோது, வீட்டிலிருந்த தாழ்ப்பாள் அத்தனையையும் திருகாணி திருகாணியாகக் கழற்றி, ஒரு தட்டில் அழகாக அடுக்கி வைத்துவிட்டான். வாசல் கதவிலிருந்து குளியலறைக் கதவு வரை ஒன்று மிச்சமில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் அது தெரியாமல் குளிக்கப்போனாள். பாதிக் குளியலில் கதவு தானாகத் திறந்துகொண்டது. கூடத்தில் மாமா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவன் தலையைக்கூடத் திருப்பவில்லை என்று மகளே சொன்னாள். ஆனாலும் அழுகையை அவளால் நிறுத்த முடியவில்லை.

கணவர் அன்று கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார்.

"உன் தம்பிய வெளிய அனுப்புன்னு நான் சொல்லமாட்டேன். எனக்கு வாய் வராது. ஆனா நம்ம பொண்ணு இந்த வீட்ல பயப்படாம குளிக்கணும். அதுக்கு என்ன வழின்னு நீயே சொல்லு."

அவளுக்கு யார் மேலாவது கோபப்பட வழியிருந்தால் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும். கணவர் சொன்னதில் தப்பில்லை. மகள் அழுததில் தப்பில்லை. கதவு அடைத்தால் மூச்சு முட்டுகிறது என்று சொல்பவனிடம் தப்பு என்று எதைக் காட்டுவது?

டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். கொடுத்த மாத்திரைகளைத் தம்பி ஒழுங்காகத்தான் போட்டான். பகலெல்லாம் தூங்கினான். கை நடுங்கியது, திருப்புளியைப் பிடிக்க முடியவில்லை. ஒருநாள் தன் கையைத் தானே தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட்டான். அவள் ஒரு டயர் கடைக்கு மேலே தனி அறை பார்த்துக் கொடுத்தாள். கட்டில், போர்வை, அடுப்பு, இரண்டு பாத்திரம், எல்லாம் வாங்கிப் போட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தபோது அறை திறந்து கிடந்தது. போர்வை மடித்தபடி இருந்தது. அவன் இல்லை. அதற்குப்பின் அவனைப் பார்த்தது ஜன்னல் வழியாகத்தான்.

அவளுக்காக அந்த ஸ்டேஷனுக்கு வந்தானா, ஸ்டேஷன் என்பதற்காக வந்தானா என்று அவள் கடைசி வரை கேட்கவில்லை.

தண்ணீர்க் குழாயில் விடிந்ததும் முகம் கழுவிக்கொள்வான். தலை சீவிக்கொள்வான். இரண்டாவது பிளாட்பாரத்தின் கோடி பெஞ்சில், பையை மடியில் வைத்து, கால்களைச் சேர்த்து வைத்து, இதோ வண்டி வந்துவிடும் என்பவனைப்போல உட்கார்ந்திருப்பான். போலீஸ்காரர் தட்டிக் கேட்டால் "என் வண்டி இன்னும் வரல சார்" என்பான். பிளாட்பாரம் பெருக்குகிற அம்மா ஒருத்தி இருந்தாள். ஈரத் தரையில் ஓடிவரும் ஆட்களை எச்சரிக்கக் கழுத்தில் விசில் மாட்டியிருப்பதால் அவளுக்கு விசிலம்மா என்று பெயர். அவள்தான் இவனுக்குப் பெயர் வைத்தவள். "எக்ஸ்பிரஸ் ஆளுங்க எல்லாம் போயாச்சு. இவரு பாசஞ்சர். நின்னு நிதானமாத்தான் கிளம்புவாரு." பாசஞ்சர் என்ற பெயரே ஸ்டேஷன் முழுவதும் பரவிவிட்டது. அவனுக்கும் அதில் வருத்தமில்லை.

மதிய இடைவேளையில் அக்கா சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கோடி பெஞ்சுக்குப் போவாள். தெரியாத ஆளுக்குப் பக்கத்தில் உட்காருவதைப்போல நடுவில் இடம் விட்டு உட்காருவாள். டப்பாவைத் திறந்து நடுவில் வைப்பாள். அவன் கொஞ்சம் எடுத்துக்கொள்வான்.

"வீட்டுக்கு வாடா."

"வேணாம் அக்கா. நான் இருந்தா நீங்க எல்லாரும் மூச்சப் பிடிச்சுக்கிட்டு நடக்கறீங்க. எனக்குத் தெரியாதா?"

"இங்க மட்டும் என்ன வாழுது?"

"இங்க யாரும் என்னக் கவனிக்கல. அதுவே நல்லா இருக்கு."

தம்பி என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. முதல்நாள், நாளைக்கே கூட்டிக்கொண்டு போய்விடப்போகிறோம், எதற்கு ஊரைக் கூட்டவேண்டும் என்று இருந்தாள். ஒரு வாரம் போனதும், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று தோன்றியது. அதன்பின் வாய் திறக்கவே வழியில்லை. பக்கத்து ஜன்னல்காரர் கலகலப்பான ஆள், எல்லாவற்றுக்கும் கைவசம் ஒரு நகைச்சுவை வைத்திருப்பவர். "நம்ம பாசஞ்சருக்கு என்ன குறைச்சல் அக்கா? வாடகை கிடையாது, கரண்ட் பில் கிடையாது, பொண்டாட்டி தொல்லை கிடையாது. நானும் ரிட்டையர் ஆனதும் பக்கத்து பெஞ்ச புடிச்சிரலாம்னு இருக்கேன்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் உதட்டை இழுத்து வைத்துக்கொள்வாள். சிரிக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்களே. அன்றைக்கு வீட்டில் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

உதவி செய்ய ஆட்கள் வராமலில்லை. ஒரே மாதிரி சட்டை போட்ட குழு ஒன்று கம்பளி கொடுக்க வந்தது. "வேணாம் சார், நான் ஊருக்குப் போறவன்" என்றான். "வாங்கிக்கோங்க, ஒரு போட்டோ மட்டும்" என்று அவர்கள் அவன் மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவன் கம்பளியை மடித்துப் பக்கத்துப் பெஞ்சில் வைத்தான். யாரோ எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குழுவில் இருந்த ஒரு பெண் மட்டும் இரண்டு நாள் கழித்துத் தனியாக வந்து, "உங்களுக்கு நிஜமா என்ன வேணும்?" என்று கேட்டாள். கொஞ்சம் யோசித்து, "நகவெட்டி" என்றான். அவள் கடைக்கு ஓடிப்போய் வாங்கி வந்தாள். அவன் பத்து விரலையும் நிதானமாக வெட்டிவிட்டு, நகவெட்டியைச் சட்டையில் துடைத்து அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான். அந்தப் பெண்ணுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மூன்றாவது ஜன்னலில் வந்து, "அந்த சாருக்கு யாராவது இருக்காங்களாக்கா, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். "தெரியாதும்மா" என்றாள் அக்கா.

மழைக்காலத்துக்கு முன்னால் ஸ்டேஷனைப் புதுப்பிக்க ஆரம்பித்தார்கள். மர பெஞ்சுகள் போய் இரும்பு பெஞ்சுகள் வந்தன. ஆளுக்கு ஆள் கைப்பிடி வைத்துப் பிரித்தவை. உட்காரலாம், சாய முடியாது, படுப்பதென்பது நடக்காது. இரண்டாவது பிளாட்பாரத்தின் கூரையை முழுதாகக் கழற்றிவிட்டார்கள். மழை விழுந்தால் ஒதுங்க மிஞ்சியது காத்திருப்போர் கூடம் ஒன்றுதான். நிலைய அதிகாரி ஊழியர்களைக் கூப்பிட்டுப் பேசினார். மோசமான ஆள் இல்லை. மேலிருந்து வந்த உத்தரவைப் படிக்கும்போது அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது. இனிமேல் கூடத்துக்குள் டிக்கெட் உள்ளவர்கள் மட்டும். கதவில் ஆள் நிற்கும்.

முதல் மழையில் தம்பி நனைந்துகொண்டு சுவரோரம் நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அன்று டப்பாவோடு ஒரு டிக்கெட்டையும் கொண்டுபோனாள். அடுத்த ஸ்டேஷன் வரைக்குமான டிக்கெட், இருப்பதிலேயே சின்னது.

"இதக் காட்டிட்டு உள்ள போய் உக்காந்துக்க. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

அவன் டிக்கெட்டை இரண்டு கையாலும் வாங்கினான். அதற்குப்பின் தினமும் காலையில் வேலை தொடங்கியதும் அவள் முதலில் அடித்து, ஜன்னலுக்கு வந்து நிற்கும் அவனிடம் கொடுப்பது அந்த டிக்கெட்டைத்தான். இதை ஏன் முன்பே யோசிக்கவில்லை என்று இருந்தது. கடைசியாகத் தம்பிக்குத் தன்னால் ஆகிற காரியம் ஒன்று கிடைத்துவிட்டது. வெகுநாளைக்குப்பின் அந்த வாரம் வீட்டில் அவள் ஏதோ சொல்லிச் சிரித்ததைக் கணவர் கவனித்தார்.

விசிலம்மாதான் ஒருநாள் ஜன்னலுக்கு வந்து சொன்னாள். "அக்கா, நம்ம பாசஞ்சர் நிஜமாவே பாசஞ்சர் ஆயிட்டார். தினமும் காலை வண்டியில ஏறிப் போயிடறார். சாயங்காலம் நடந்து வர்றார். கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு, பாத்தீங்களா?"

அக்கா மதியத்தில் அவனைக் காணாதபோதெல்லாம், கூடத்தின் உள்ளே எங்கோ நிம்மதியாகத் தூங்குகிறான் என்றே நினைத்திருந்தாள். அன்று வேலை முடிந்ததும் காத்திருந்தாள். அவன் தண்டவாளத்தை ஒட்டிய பாதையில், ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து வந்தான்.

"எதுக்குடா வண்டியில ஏறுற? நான் உன்ன உள்ள உக்காரத்தானே சொன்னேன்?"

"டிக்கெட் எடுத்தா போகணும்ல அக்கா."

"போகவேணாம்! சும்மா கையில வெச்சிரு."

"சும்மா வெச்சிருந்தா அது பொய்தானே. கதவுல நிக்கறவர் நம்பி உள்ள விடறார்."

"அப்ப திரும்பி வர்றதுக்கு ஏண்டா நடக்கற? அங்கேர்ந்து..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். திரும்பி வருவதற்கு அவள் டிக்கெட் எடுத்துக் கொடுக்கவில்லை. அவனிடம் காசு இல்லை. டிக்கெட் இல்லாமல் அவன் ஏறமாட்டான். இது அவளுக்குத் தோன்றவே இல்லை.

செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்த்தாள். குதிகாலில் கொப்புளம் உடைந்து, அழுக்கு ஏறி, சுற்றிலும் கறுத்திருந்தது. வாடை வந்தது. அவள் அவனுடைய ஒரு கையைப் பிடிக்க, ஓடிவந்த விசிலம்மா மூக்கைச் சுளிக்காமல் மற்றொரு கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். இருவருமாக அவனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அவசரப் பிரிவில் நர்ஸ் கேட்டாள். "கூட வந்தவங்க யாரு? என்ன உறவு?"

அக்கா அவன் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அக்கா" என்றாள்.

"அது எல்லாரும் கூப்பிடறது மேடம். நான் உறவு கேக்கறேன்."

"கூடப் பிறந்த அக்கா. இவன் என் தம்பி."

விசிலம்மா கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, சுவரோர பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்தபடியே சொன்னாள்: "நான் அவர எத்தனை தடவை விரட்டியிருக்கேன். சொல்லியிருக்கக்கூடாதா அக்கா?"

கால் தப்பியது. பத்து நாளுக்குமேல் ஆஸ்பத்திரியில் இருந்தான். பெரிய வார்டு, கதவே கிடையாது, அதனால்தான் இருந்தானோ என்னவோ. கணவர் கடை முடிந்து தினமும் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மகள் ஒருநாள் வந்து மாமாவுக்குத் தலை சீவிவிட்டாள். வீட்டுக்குப் போகலாம் என்று மூவருமே கேட்டார்கள். அவன் மூவருக்கும் தலையாட்டினான். வீட்டுக்கு அனுப்பிய நாளில் அவர்கள் மருந்து வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் நொண்டிக்கொண்டே கிளம்பி ஸ்டேஷனுக்கு வந்துவிட்டான்.

ஆனால் அது பழைய ஸ்டேஷன் இல்லை. விசிலம்மா வாயில் எதுவும் நிற்காது. பாசஞ்சர் என்ற பெயர் போய் 'அக்கா தம்பி' என்றாகியிருந்தது. பக்கத்து ஜன்னல்காரர் அவள் முன்னால் வந்து நின்று, "நான் வாயத் திறந்தாலே இப்படித்தான் அக்கா. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நிலைய அதிகாரி பார்சல் ஆபீஸ் பக்கத்தில் ஒரு மூலையைச் சுத்தம் செய்யச் சொல்லி, பழைய மர பெஞ்சு ஒன்றைத் தேடிப்பிடித்துப் போடவைத்தார். டீக்கடைக்காரர் காசு வாங்க மறுத்தார். மூட்டை தூக்குபவர்கள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். அத்தனை பேரும் அவன் பக்கத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"உங்க அக்கா முகத்தப் பாத்தீங்களா சார்? எப்படி இருந்தவங்க!"

"ஃப்ரிட்ஜ் மெக்கானிக்காமே? என் மச்சான் கடையில ஆள் கேக்கறாங்க, நான் சொல்லவா?"

"மருந்து போட்டாச்சா? எங்க, வாயக் காட்டுங்க."

அக்கா ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒவ்வொருவரும் எழுந்துபோனபின் தம்பி பெஞ்சில் இன்னும் கொஞ்சம் ஓரமாகத் தள்ளி உட்காருவதையும் பார்த்தாள். எல்லோரிடமும் அவனை விட்டுவிடுங்கள் என்று சொல்லலாமா என்று பலமுறை எழுந்தாள். இத்தனை நாள் கல் மாதிரி இருந்துவிட்டு, பாசம் காட்டுகிறவர்களை எந்த வாயால் தடுப்பது? மறுபடி உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் மதியம் டப்பாவோடு போனபோது பெஞ்சு காலியாக இருந்தது. மருந்துப் பட்டை பெஞ்சில் இருந்தது. பை இல்லை.

ஸ்டேஷனே தேடியது. விசிலம்மா பாலத்துக்கு அடியிலெல்லாம் போய் விசில் ஊதிப் பார்த்துவிட்டு வந்தாள்.

குளிர் முடிந்து வெயில் தொடங்கியபோது, வண்டிகளில் போய்வரும் கார்டு ஒருவர் ஜன்னலில் வந்து, "அக்கா, தப்பா நினைக்காதீங்க, உங்க தம்பி மாதிரி ஒருத்தர..." என்று பல வண்டிகள் பிரிந்துபோகும் ஒரு பெரிய ஸ்டேஷனின் பேரைச் சொன்னார். அரைநாள் பயணம். அவள் விடுமுறை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள்.

அது இவள் ஸ்டேஷனைப்போல நான்கு பங்கு. கூட்டம் நெட்டித்தள்ளியது. கடைசி பிளாட்பாரத்தில், பால் கேன்கள் இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவள் பக்கத்தில் போய், நடுவில் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"கார்டு பாத்தேன்னார்."

அவன் தலையாட்டினான். சுற்றிலும் பார்த்தான். "இங்க யார்கிட்டயும் சொல்லிடாத அக்கா."

"சொல்லமாட்டேன். ஏண்டா அங்கேர்ந்து வந்துட்ட? எல்லாரும் நல்லாத்தானே பாத்துக்கிட்டாங்க?"

"அதான். எல்லாரும் நல்லவங்க. நல்லவங்க நடுவுல நாள் பூரா உக்காந்திருக்க முடியல அக்கா. எல்லாரும் நான் சரியாகணும்னு பாத்துக்கிட்டே இருக்காங்க."

அவள் டப்பாவைத் திறந்து நடுவில் வைத்தாள். அவன் கொஞ்சம் எடுத்துக்கொண்டான். அவன் கால் எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. செருப்பைப் பார்த்தாள், யாரோ கொடுத்த ஷூ, நாடா ஒழுங்காகக் கட்டியிருந்தது. சாயங்கால வண்டிக்கு எழுந்தபோது அவன் எழுந்து நின்று, "அத்தானக் கேட்டேன்னு சொல்லு" என்றான்.

அதற்குப்பின் மாதம் ஒருமுறை போய்வந்தாள். ஸ்டேஷனில் யார் கேட்டாலும் "தகவல் இல்ல" என்றாள். கணவரிடம் மட்டும் சொன்னாள். போகும் நாளில் அவர் விடிவதற்குமுன் எழுந்து, டப்பாவைக் கழுவித் துடைத்து வைப்பார். சில மாதங்கள் தம்பி நன்றாகப் பேசினான். சில மாதங்கள் பக்கத்தில் இருப்பது யாரென்றே தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தான். அவள் அவனை வீட்டுக்குக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். போர்வை கொண்டுபோவதையும் நிறுத்தினாள். டப்பா, பக்கத்தில் உட்காருவது, இரண்டும் மட்டும் மிச்சம்.

அடுத்த மழைக்காலத்தில் அந்த ஊரில் வெள்ளம் வந்து வண்டிகள் நின்றன. தண்டவாளம் சரியாகி முதல் வண்டி விட்டதும் கணவரும் கூடவே கிளம்பினார். கடைசி பிளாட்பாரத்தில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. பெஞ்சில் யாரும் இல்லை. பால் கேன் இறக்குகிற ஆளைக் கேட்டார்கள்.

"எந்த ஆளக் கேக்கறீங்க? இங்க நிறையப் பேர் இருந்தாங்களே."

"பொத்தான் எல்லாம் போட்டு, பைய மடியில வெச்சுக்கிட்டு..." என்றாள்.

"ஓ, வெளியூருக்குப் போறேன்னு சொல்லிக்கிட்டிருந்தவரா? எல்லாரையும் வேன்ல ஏத்தி நகராட்சி விடுதிக்குக் கொண்டுபோயிட்டாங்கம்மா. தண்ணி இடுப்பளவு வந்துடுச்சு."

விடுதி ஊருக்கு வெளியே, பஸ்ஸில் போகிற தூரம். நீளமான கூடம், வரிசையாகக் கட்டில்கள், சுத்தமாகவே இருந்தது. காப்பாளர் களைத்துப்போன மனிதர். சலித்துக்கொள்ளாமல் யோசித்துப் பார்த்தார்.

"இருந்தாரும்மா. ஒரே ஒரு ராத்திரி. நாங்க பாதுகாப்புக்குக் கதவப் பூட்டிடுவோம். அவர் கதவுகிட்டவே நின்னுக்கிட்டிருந்தார். தொந்தரவு எதுவும் பண்ணல. காலையில திறந்ததும் எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டுட்டு, மழையிலயே போயிட்டார். இருங்கன்னேன். எங்க போறீங்கன்னும் கேட்டேன். நான் பிடிச்சு வெக்க முடியாதும்மா, அவர் கைதி இல்லையே."

"எந்தப் பக்கம் போனார்?" என்று கணவர் கேட்டார்.

காப்பாளர் வெளியே சாலையைக் காட்டினார். அது இரண்டு பக்கமும் போனது.

ஆஸ்பத்திரிகளில் கேட்டார்கள். பிணவறையிலும் கேட்டார்கள், கணவர் மட்டும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து இல்லை என்று தலையசைத்தார். போலீஸ் ஸ்டேஷனில் சொல்லி வைத்தார்கள். திரும்பும் வண்டியில், திறக்காத டப்பா மடியில் கனக்க அவள் உட்கார்ந்திருந்தாள். கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அடுத்த வாரமும் வந்து தேடலாம். நான் லீவு சொல்லிடறேன்."

"வேணாங்க" என்றாள். "அவன் யாரும் தேடாத இடமாப் பாத்துத்தான் போறான். ஒவ்வொரு தடவையும் நாமதான் போய் அந்த இடத்தக் கெடுக்கறோம். விட்டுருவோம்."

அவள் சொன்னது அவளுக்கே சரியென்று பட்டது. ஆனால் அது தம்பியைப் புரிந்துகொண்டு சொன்ன வார்த்தையா, உடம்பும் மனசும் சலித்துப்போய் வந்த வார்த்தையா என்று அவளுக்குத் தெரியவில்லை. வீடு வந்து சேரும்வரை அதையே புரட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம், இரட்டை ஷிஃப்ட் வேலை என்று சொல்லிவிட்டு அவள் தனியாக மறுபடி அந்த விடுதிக்குப் போனாள். அதே காப்பாளர் வெளியே வந்து, அவள் வாய் திறப்பதற்கு முன்னாலேயே இல்லை என்று கையை விரித்தார். உள்ளே உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. மழை தூற ஆரம்பித்தது. பஸ் வரும்வரை சாலையோரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.